செயற்கைக்கோளுக்குத் தெரியாத முறை

புதிய மென்பொருள் என்றாலே கைதட்டும் நண்பர்களோடு எங்களுக்குப் பிணக்கு உண்டு. மீன் இருக்குமிடத்தைக் கைபேசியே சொல்லும்போது மீனவனுக்கு என்ன குறை என்கிறார்கள். 1999-இல் தொடங்கப்பட்ட ஐதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம், கடற்பரப்பின் வெப்பத்தையும் பச்சையத்தையும் செயற்கைக்கோள் வழியே அறிந்து மீன்வளப் பகுதிகளைக் கணிக்கிறது. அரிய பணிதான்.

ஆனால் மீன் எங்கே என்பது பாதிக் கேள்வியே. இன்று யார் முறை என்பது மீதி. காட்டூரை அடுத்த பழவேற்காட்டு ஏரிக் குப்பங்கள் அதற்குக் கண்ட விடை ‘பாடு’: வலை கட்டும் இடங்களை முறைவைத்துப் பங்கிடும் பழைய ஏற்பாடு. அதிலும் சாதிவேலி உண்டு; இருளர் வெளியேதான் நிற்கிறார்கள். அவ்வேலியைப் பேசி, போராடித் தகர்க்கலாம். பேச எதிரே மனிதர்கள் இருக்கிறார்கள்.

கடலிலோ, எல்லோருக்கும் ஒரே புள்ளியைக் காட்டும் செயலி, பெரிய இயந்திரம் உள்ளவனையே அங்கு முதலில் சேர்க்கும். முறை கேட்காத கருவியைச் சமத்துவம் என்றழைக்க நாங்கள் தயாராக இல்லை.