பட்டனை இடம் மாற்றும் முன் ரேடியோ நேயர்களைக் கேளுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் சில மாதங்களுக்குள் கட்டாயம் கேட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு. "நேற்று வரை இங்கே இருந்த பட்டனை இன்று காணோமே, எங்கே போச்சு?" சாஃப்ட்வேர் இரவோடு இரவாக அப்டேட் ஆகியிருக்கும். மெனு வேறு இடத்திற்குப் போயிருக்கும். கேட்பவரோ தானே எதையோ தட்டிக் கெடுத்துவிட்டதாக நினைத்துப் பயந்து போயிருப்பார்.

நான் சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன். எங்கள் துறையில் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது: "கொஞ்ச நாளில் பழகிவிடும் சார்." இந்தப் பதில் சரியா? என்னைக் கேட்டால் பாதிதான் சரி. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள கம்ப்யூட்டரை விட்டுக் கொஞ்சம் வெளியே வர வேண்டும். பழகிய ஒன்றை மாற்றினால் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்பதற்குக் கம்ப்யூட்டரை விடப் பழைய உதாரணம் ஒன்று இருக்கிறது. அதுதான் ரேடியோ.

பன்னிரண்டு நிமிடங்கள்

பிரிட்டனில் பி.பி.சி. ரேடியோ 4 என்றொரு நிலையம் இருக்கிறது. 1967 செப்டம்பர் 30-ல் இந்தப் பெயருடன் தொடங்கியது. அதற்கு முன் அதன் பெயர் ஹோம் சர்வீஸ். இங்கே பாட்டு அநேகமாகக் கிடையாது. செய்தி, பேட்டி, நாடகம், விவாதம் என்று நாள் முழுவதும் பேச்சுதான்.

இந்த நிலையத்தில் கப்பல்களுக்கான வானிலை அறிக்கை வாசிப்பார்கள். கடல் பகுதிகளின் பெயரைச் சொல்லி, காற்றின் வேகம், மழை, பார்வைத் தூரம் என்று ஒரே சீராக வாசித்துக்கொண்டே போவார்கள். 1995-ல் இரவு நேர அறிக்கையை 12 நிமிடம் தள்ளி வைக்கலாம் என்று ஒரு திட்டம் வந்தது. அதற்குப் பார்லிமெண்டில் விவாதம் நடந்தது. பத்திரிகைகள் தலையங்கம் எழுதின. கடைசியில் திட்டம் கைவிடப்பட்டது.

2002-ல் அந்த அறிக்கையில் வரும் கடல் பகுதிகளில் ஒன்றான ஃபினிஸ்டெர் என்ற பெயரை ஃபிட்ஸ்ராய் என்று மாற்றினார்கள். ஸ்பெயினும் இதே பெயரை வேறொரு பகுதிக்கு வைத்திருந்ததால் குழப்பம் வரும் என்பது காரணம். நியாயமான காரணம்தான். புதிய பெயரும் பிரிட்டிஷ் வானிலைத் துறையைத் தோற்றுவித்த ராபர்ட் ஃபிட்ஸ்ராயுடையது. இருந்தும் நேயர்கள் வருத்தப்பட்டார்கள்.

கப்பலே இல்லாதவர்களுக்குக் கப்பல் வானிலை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்த அறிக்கையைக் கேட்பவர்களில் பெரும்பாலானவர்கள் கடலுக்குப் போகிறவர்கள் அல்ல. படுக்கைக்குப் போகிறவர்கள். தயாரித்தவர்கள் ஒன்றுக்காகச் செய்தார்கள், கேட்டவர்கள் வேறொன்றுக்காகப் பயன்படுத்தினார்கள். சாஃப்ட்வேரிலும் இதேதான். எக்செல் கணக்குப் போடுவதற்காக எழுதப்பட்டது. ஆனால் அதில் கல்யாண அழைப்புக்கு விலாசப் பட்டியல் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்! எதை எதற்காகப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்காமல் அதை மாற்றக் கூடாது.

லாங் வேவ் ஊர்வலம்

1992-ல் பி.பி.சி. இன்னும் பெரிய மாற்றம் ஒன்றை அறிவித்தது. அப்போது ரேடியோ 4 எஃப்.எம்.மிலும் லாங் வேவிலும் வந்துகொண்டிருந்தது. லாங் வேவை எடுத்து நாள் முழுக்கச் செய்தி மட்டும் தரும் நிலையமாக்கி, ரேடியோ 4-ஐ எஃப்.எம்.மில் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பது திட்டம்.

இதில் ஒரு டெக்னிக்கல் விஷயம் இருக்கிறது. எஃப்.எம். ஒலி துல்லியமாக இருக்கும். ஆனால் அதன் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும், மலையும் தூரமும் தடுத்துவிடும். 198 கிலோ ஹெர்ட்சில் வந்த லாங் வேவின் அலைநீளம் சுமார் 1500 மீட்டர். தரையை ஒட்டி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். பள்ளத்தாக்குக் கிராமங்களில் இருந்தவர்களுக்கும், கடலில் இருந்தவர்களுக்கும், ஐரோப்பாவில் குடியேறிய பிரிட்டிஷ்காரர்களுக்கும் லாங் வேவ்தான் ரேடியோ 4. அலுவலகத்தில் உட்கார்ந்து திட்டம் போட்டவர்களுக்கு எஃப்.எம். நன்றாகக் கேட்டது. மற்றவர்களுக்குக் கேட்காது என்பது அவர்கள் மேஜையிலிருந்து தெரியவில்லை.

1993 ஏப்ரலில் நேயர்கள் லண்டனில் பி.பி.சி. தலைமையகத்தை நோக்கி ஊர்வலம் போனார்கள். கோஷத்தின் முடிவில் "தயவுசெய்து" என்ற சொல்லையும் சேர்த்துக்கொண்டார்கள் என்று இன்றும் சிரித்தபடி சொல்வார்கள். அவ்வளவு மரியாதையான ஊர்வலம். அந்த ஆண்டே திட்டம் கைவிடப்பட்டது. செய்திக்கும் விளையாட்டுக்கும் ரேடியோ 5 லைவ் என்ற தனி நிலையம் 1994 மார்ச்சில் வந்தது. செய்தி கேட்க விரும்பியவர்களுக்கும் நஷ்டமில்லை, பழைய நேயர்களுக்கும் நஷ்டமில்லை. புதியதைப் பழையதன் மேல் ஏற்றாமல் பக்கத்தில் வைத்ததால் வந்த நன்மை இது.

எல்லா மாற்றமும் தவறா?

இல்லை. இங்கே நேயர்கள் பக்கம் மட்டும் பேசினால் அது நியாயமாகாது.

1998-ல் ரேடியோ 4-ன் தலைவராக இருந்த ஜேம்ஸ் பாயில் நிகழ்ச்சி நேரங்களை அடியோடு மாற்றி அமைத்தார். ஏகப்பட்ட எதிர்ப்பு. கேட்பவர் எண்ணிக்கை முதலில் குறைந்தது, பிறகு மீண்டது. அந்த ஆண்டு அக்டோபரில்தான் மெல்வின் பிராக் நடத்திய "இன் அவர் டைம்" தொடங்கியது. மூன்று பேராசிரியர்களை உட்கார வைத்து ஒரே விஷயத்தைப் பேசும் நிகழ்ச்சி. இது ஓடாது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் ஆயிரம் பகுதிகளைத் தாண்டிவிட்டது. பிராக் 2025-ல் விலகிய பிறகும் நிகழ்ச்சி நிற்கவில்லை. எதுவும் மாறக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தால் இப்படி ஒன்று வந்திருக்காது.

தோற்றுப்போன எதிர்ப்பும் உண்டு. 1978 முதல் ரேடியோ 4 தினமும் அதிகாலையில் ஃபிரிட்ஸ் ஸ்பீகல் தொகுத்த "யு.கே. தீம்" என்ற இசையுடன் நாளைத் தொடங்கியது. பிரிட்டனின் பல பகுதிகளின் பழைய மெட்டுகளைக் கோத்த ஐந்து நிமிட இசை. 2006-ல் அந்த இடத்தில் செய்திச் சுருக்கம் வைக்க முடிவு செய்தார்கள். மனுக்கள் போயின, எம்.பி.க்கள் பேசினார்கள். ஆனாலும் 2006 ஏப்ரலில் அது நின்றது. ரேடியோ 4 அதனால் அழிந்துவிடவில்லை. ஆனால் விடியற்காலை எழுந்து அதைக் கேட்டவர்களுக்கு அந்த ஐந்து நிமிடத்துக்குப் பதிலாக எதுவும் கிடைக்கவில்லை. கூட்டிக் கழித்துப் பார்த்தால் லாபம் என்று கணக்கு காட்டலாம். கழிக்கப்பட்டவர் ஒரு மனிதர் என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

ஸ்டார்ட் பட்டன் போனதும் வந்ததும்

இதே கதை நம் கம்ப்யூட்டரில் நடந்திருக்கிறது. 2012 அக்டோபரில் வந்த விண்டோஸ் 8-ல் ஸ்டார்ட் பட்டனை எடுத்துவிட்டார்கள். 1995 முதல் திரையின் இடது மூலையைக் கிளிக் செய்து பழகியவர்கள் திகைத்துப் போனார்கள். தொடு திரைக்கு வசதி என்பது காரணம். ஆனால் பெரும்பாலானோர் மேஜையில் இருந்தது மவுஸ்தான். எஃப்.எம்.மும் லாங் வேவும் போலவே இல்லை? ஒரு வருடத்தில் விண்டோஸ் 8.1-ல் பட்டன் திரும்பியது. 2015-ல் விண்டோஸ் 10-ல் ஸ்டார்ட் மெனுவும் திரும்பி வந்தது. பயனாளர்கள் முணுமுணுத்ததோடு நிற்காமல் வாய்விட்டுச் சொன்னதால்தான் இது நடந்தது.

ரேடியோ 4-ல் "ஃபீட்பேக்" என்றே ஒரு நிகழ்ச்சி 1979 முதல் இருக்கிறது. நேயர்களின் புகார்களை எடுத்து, முடிவெடுத்தவர்களையே கூப்பிட்டு, "ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று அதே நிலையத்தில் கேட்பார்கள். எங்கள் துறையில் பக் ரிப்போர்ட் வாங்குகிறோம். ஆனால் முடிவெடுத்தவர் பயனாளர் முன் வந்து பதில் சொல்வது அபூர்வம். இந்த ஒன்றை ரேடியோவிடமிருந்து நாங்கள் கற்றுக்கொள்ள வேண்டும்.

கம்ப்யூட்டரே ரேடியோவானால்?

"இனி எல்லாம் இன்டர்நெட்டில் கிடைக்குமே, பிறகு என்ன கவலை?" என்று சிலர் கேட்கிறார்கள். வசதி உண்மைதான். நேரம் தவறினால் போட்காஸ்ட் ஆகப் பிறகு கேட்கலாம். "இன் அவர் டைம்" 2004-லேயே எம்.பி.3 ஃபைலாக டவுன்லோட் செய்யக் கிடைத்தது. டேட்டா செலவும் பயப்படும் அளவு இல்லை. 48 கே.பி.பி.எஸ். வேகத்தில் பேச்சு நிகழ்ச்சி கேட்டால் மணிக்குச் சுமார் 22 எம்.பி., 128 கே.பி.பி.எஸ். என்றால் சுமார் 58 எம்.பி. ஆகும்.

ஆனால் எல்லாம் அப்படியே கிடைப்பதில்லை. ஒரு சின்ன உதாரணம்: பி.பி.சி. 1924 முதல் மணி அடிக்கும் நேரத்தில் ஆறு "பிப்" ஒலிகளைத் தருகிறது. அதைக் கேட்டுக் கடிகாரத்தைச் சரி செய்வார்கள். இன்டர்நெட்டில் ஒலி சுருக்கப்பட்டு, பாக்கெட்டுகளாகி, உங்கள் கம்ப்யூட்டரில் பஃபர் ஆகி வருவதற்குள் பல நொடிகள் தாமதமாகிவிடும். அதைக் கேட்டுக் கடிகாரத்தைத் திருப்பாதீர்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் தேதி, நேரம் பகுதிக்குப் போய் "சின்க் நவ்" பட்டனை அழுத்துவதே நல்லது.

பெரிய உதாரணம் நம் மொழியிலேயே உண்டு. பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்பு 1941-ல் தொடங்கியது. தமிழோசை என்ற பெயரில் இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் பல வீடுகளில் சிற்றலையில் கேட்டது. இலங்கையில் போர் நடந்த காலத்தில் மின்சாரம் இல்லாத ஊர்களிலும் கேட்டது. 2017 ஏப்ரல் 30-ல் அந்த வானொலி ஒலிபரப்பு நின்றது. பி.பி.சி. தமிழ் இணையதளமாகவும் வீடியோவாகவும் தொடர்கிறது, படிக்கவும் பார்க்கவும் முன்பை விட அதிகமாகக் கிடைக்கிறது. ஆனால் பேட்டரி ரேடியோவை மட்டும் வைத்திருந்தவருக்கு அது வந்து சேராது. அவர் எதிர்ப்புக் கடிதம்கூட எழுதியிருக்க மாட்டார். புகார் வரவில்லை என்பதற்காக யாருக்கும் பாதிப்பில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மாற்றுகிறவர்களுக்கு நான்கு, உங்களுக்கு மூன்று

என் துறையினருக்கு நான் சொல்வது இதுதான். மாற்றத்தை முன்கூட்டியே சொல்லுங்கள். காரணத்தையும் சொல்லுங்கள். சில காலம் பழையதையும் வைத்திருங்கள். வருகிற புகாரை யாராவது ஒருவர் முழுதாகப் படியுங்கள்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய உங்களுக்கும் மூன்று விஷயம் சொல்லவேண்டும்.

முதலாவது, பட்டன் காணாமல் போனால் உங்களைக் குறை சொல்லிக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் மாற்றியது அவர்கள்தான். பயப்படாமல் தேடுங்கள்.

இரண்டாவது, புகாரை ஒழுங்காக எழுதுங்கள். "புது வெர்ஷன் மோசம்" என்றால் யாருக்கும் பயனில்லை. "முன்பு இரண்டு கிளிக்கில் பிரிண்ட் எடுத்தேன், இப்போது ஐந்து கிளிக் ஆகிறது" என்று எழுதினால் எங்களால் எதுவும் தட்டிக்கழிக்க முடியாது. விண்டோஸ் 10, 11-ல் விண்டோஸ் கீயுடன் எஃப் எழுத்தை அழுத்தினால் ஃபீட்பேக் ஹப் திறக்கும். அங்கே எழுதலாம்.

மூன்றாவது, எழுதுவதற்கு முன் புதியதை இரண்டு வாரம் பயன்படுத்திப் பாருங்கள். பிடித்துப்போனால் நல்லது. அப்போதும் பிடிக்கவில்லை என்றால் உங்கள் புகாருக்கு வலு கூடும்.

லாங் வேவ் நேயர்கள் கோபத்தை மட்டும் கொண்டு ஜெயிக்கவில்லை. எங்கே கேட்காது, யாருக்குக் கேட்காது என்று இடம் சுட்டிச் சொன்னார்கள். நீங்களும் அப்படிச் சொல்லுங்கள். படித்துத் திருத்த வேண்டியது எங்கள் வேலை.