மிலிட்டரி சட்டையும் முஸ்லிம் இளைஞனும்

"மிலிட்டரி கலர் பேண்ட் போட்டுத் தொழுதால் தொழுகை கூடுமா, ஹஜ்ரத்?"

விருதுநகர், சூலக்கரை, சிவகாசி வட்டாரத்தில் பயானுக்குப் போகும் மஹல்லாக்களில் எல்லாம் இப்போது இந்தக் கேள்வி வருகிறது. கேட்பவர்கள் இரண்டு சாரார். 'கூடாது' என்ற தீர்ப்பை எதிர்பார்த்து நிற்கும் பெரியவர்கள் ஒருபுறம். 'கூடும்' என்று ஆலிம் வாயால் வந்துவிட்டால் அத்தாவின் வாயை அடைத்துவிடலாம் என்று காத்திருக்கும் இளைஞர்கள் மறுபுறம். சிட்கோ தொழிற்பேட்டையில் வேலை முடிந்து வரும் பையனும் இதைப் போடுகிறான், ஜவுளிக்கடை முதலாளியின் மகனும் போடுகிறான். பச்சையும் பழுப்பும் திட்டுத் திட்டாகக் கலந்த கால்சட்டை, தொடைப்பக்கம் பெரிய பை, அதற்கேற்ற தொப்பி.

மார்க்கத் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொழுகை கூடும். மறைக்க வேண்டியதை மறைத்து, சுத்தமாக, உருவப்படம் இல்லாமல் இருந்தால் துணியின் நிறத்துக்காக எவருடைய தொழுகையும் முறிந்துவிடாது. "இது மாற்றாரின் உடையாயிற்றே" என்று அவசரப்படும் பெரியவர்கள் ஸஹீஹுல் புகாரியைச் சற்றுப் புரட்டிப் பார்க்கட்டும். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தில் ஷாம் நாட்டு ஜுப்பா அணிந்திருந்ததையும், அதன் கைகள் குறுகலாக இருந்ததால் உளூச் செய்வதற்காகக் கரங்களை அடிப்புறமாக வெளியே எடுத்ததையும் முகீரா பின் ஷுஃபா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஷாம் அன்று ரோமர்களின் கையில் இருந்த பூமி. அங்கிருந்து வந்த உடை என்பதற்காக அது ஒதுக்கப்படவில்லை.

ஆகவே பிரச்சினை தொழுகையில் இல்லை. பள்ளிவாசல் படியிறங்கித் தெருவுக்கு வந்த பிறகுதான் தொடங்குகிறது.

ராணுவ நிறம் பொதுமக்கள் உடம்பில் ஏறுவது நேற்று வந்த பழக்கமல்ல. 'காக்கி' என்ற சொல்லையே எடுத்துக் கொள்ளுங்கள். பார்சியிலும் உருதுவிலும் 'காக்' என்றால் மண். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பெஷாவரில் ஆங்கிலேயர் திரட்டிய ஒரு படைக்கு மண் நிறச் சாயம் தோய்த்த உடை கொடுத்தார்கள். அது பல நாட்டுப் படைகளுக்கும் பரவி, இன்று நம் ஊர் ஆட்டோ ஓட்டுநரின் சட்டையாகிவிட்டது. அவரைப் பார்த்து இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று யாரும் எழுந்து நிற்பதில்லை.

புள்ளிச் சட்டையும் அதே வழியில்தான் வந்தது. 2019 பிப்ரவரி 14ல் புல்வாமாவில் 40 சி.ஆர்.பி.எப். வீரர்கள் கொல்லப்பட்டதை அடுத்து, மார்ச் மாதம் ராஞ்சியில் இந்தியக் கிரிக்கெட் அணியே இந்த நிறத் தொப்பி அணிந்து ஆடியது. 2021ல் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி தன் மஞ்சள் சட்டையின் தோளில் இந்தப் புள்ளிகளை வைத்தது. தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு பிள்ளைகள் அதை அணிந்தார்கள். எந்தச் சோதனைச் சாவடியில் யார் அவர்களை நிறுத்தினார்கள்?

சட்டம் என்ன சொல்கிறது? பாரதிய நியாய சன்ஹிதாவின் 168வது பிரிவு, பழைய தண்டனைச் சட்டத்தில் 140வது பிரிவாக இருந்தது. ராணுவத்தில் இல்லாத ஒருவர், தன்னை ராணுவ வீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற நோக்கத்தோடு அவ்வுடையை ஒத்த உடை அணிந்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'நோக்கத்தோடு' என்ற சொல்லை இளைஞர்கள் மனதில் பதித்துக் கொள்ள வேண்டும். நிறத்துக்காக மட்டும் இந்தப் பிரிவில் யாரையும் தண்டிக்க முடியாது. பார்படோஸ், ஜமைக்கா போன்ற தீவு நாடுகளில் பொதுமக்கள் இந்த நிறத்தை அணிவதே குற்றம். நம் நாட்டில் அப்படி இல்லை.

ராணுவத்துக்குக் கவலை இருக்கிறது, அதில் நியாயமும் இருக்கிறது. 2015 ஜூலையில் பஞ்சாபின் தீனாநகரிலும், 2016 ஜனவரியில் பதான்கோட்டிலும் தாக்குதல் நடத்தியவர்கள் ராணுவ உடையில்தான் வந்தார்கள். பதான்கோட்டுக்குப் பிறகு, பொதுமக்கள் இந்த மாதிரி உடைகளை அணிய வேண்டாம், கடைக்காரர்கள் விற்க வேண்டாம் என்று ராணுவம் கேட்டுக் கொண்டது.

அப்படியானால் சட்டமும் தடுக்கவில்லை, மார்க்கமும் தடுக்கவில்லை, போட்டுக் கொண்டால் என்ன என்கிறீர்களா? சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஊர் பெயரும் நிலையத்தின் பெயரும் வேண்டாம் என்று பையனின் அத்தா கேட்டுக் கொண்டார். டிசம்பர் 6 நெருங்கிய நேரம். நான்குவழிச் சாலையில் வண்டிச் சோதனை. ஒரே பைக்கில் இரண்டு நண்பர்கள், ஒரே கடையில் ஒன்றாக எடுத்த இரண்டு மிலிட்டரி பேண்ட். இருவரிடமும் பெயர் கேட்டார்கள். ஒருவனைப் போகச் சொன்னார்கள். நம் பிள்ளையை உட்கார வைத்தார்கள். செல்போனை வாங்கிப் பார்த்தார்கள். "எந்த அமைப்பு? இதை யார் எடுத்துக் கொடுத்தது?" மூன்று மணி நேரம். அந்த இந்து நண்பன் போகவில்லை, வாசலிலேயே நின்றிருக்கிறான். அல்லாஹ் அவனுக்கு நல்லருள் புரியட்டும்.

இது அநீதி இல்லையா? அநீதிதான். அதைக் கண்டிப்போம், மனு கொடுப்போம், தேவைப்பட்டால் நீதிமன்றமும் போவோம். 1998 பிப்ரவரியில் கோவையில் குண்டு வெடித்த பிறகு தாடியும் தொப்பியும் படாத பாடு பட்டதை நமக்கு மூத்தவர்கள் மறக்கவில்லை.

ஆனால் தம்பி, பட்டாசு மண்ணில் பிறந்த உனக்கு ஒன்று தெரியும். ஆலைக்குள் நைலான் சட்டைக்கு அனுமதி இல்லை, பருத்திதான். தெருவில் நைலான் அணிவது குற்றமா? இல்லை. மருந்துக் கலவை அறையில் அதே நைலான் உராய்ந்து பொறி கிளம்பினால் அறையே போய்விடும். அங்கே போய் "என் சட்டை என் உரிமை" என்று எந்தத் தொழிலாளியும் வாதிடுவதில்லை. இன்று முஸ்லிம் பெயரோடு நீ நடமாடும் சில இடங்கள் அந்தக் கலவை அறை போலத்தான் இருக்கின்றன. அதைக் கட்டியவன் நீ இல்லை. உள்ளே நடப்பவன் நீதான்.

நபி (ஸல்) அவர்கள் ஓர் இரவு தம் மனைவி ஸஃபிய்யா (ரலி) அவர்களை வீடு வரை கொண்டுவிட நடந்து செல்கிறார்கள். வழியில் கண்ட அன்சாரிகள் இருவர் வேகமாக நகர்கிறார்கள். அவர்களை நிறுத்தி, என்னுடன் இருப்பவர் ஸஃபிய்யா என்று சொல்கிறார்கள் நமது தலைவர். தோழர்கள் பதறிப்போனார்கள். தங்களையா நாங்கள் சந்தேகிப்போம்! ஷைத்தான் மனித உடம்பில் இரத்தம் போல ஓடுகிறான், உங்கள் உள்ளத்தில் எதையேனும் போட்டுவிடுவான் என்று அஞ்சினேன் என்ற கருத்தில் பதில் வருகிறது. புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது. பாவமே செய்யாத அந்தப் புனிதர் பிறர் மனதில் சந்தேகம் நுழையும் வாசலைத் தாமாகவே அடைத்தார்கள். அது அவர்களுக்கு இழுக்காகப் படவில்லை.

இதைச் சொன்னபோது ஓர் இளைஞன் எழுந்து கேட்டான். "இன்றைக்கு பேண்ட்டை மாற்று என்பீர்கள். நாளைக்கு அவர்கள் தாடியை எடு, தொப்பியைக் கழற்று என்றால் அதையும் செய்வதா ஹஜ்ரத்?" நல்ல கேள்வி. இப்படிக் கேட்கும் பிள்ளைகள்தான் சமுதாயத்துக்கு வேண்டும்.

செய்யக் கூடாது. தாடி நபிவழி. அதற்காக என்ன விலையும் கொடுக்கலாம். மதுரையில் ஒரு முஸ்லிம் காவலர் 2018ல் மக்கா சென்று தாடியோடு திரும்பினார். ஊதிய உயர்வை நிறுத்தித் தண்டித்தார்கள். அவர் விடவில்லை. 2024 ஜூலையில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்தத் தண்டனையை ரத்து செய்தது. முஸ்லிம் காவலர்கள் ஒழுங்காகக் கத்தரித்த தாடி வைத்துக் கொள்ள 1957ஆம் ஆண்டின் மெட்ராஸ் காவல்துறை கெஜட்டிலேயே இடம் இருப்பதை நீதிமன்றம் எடுத்துக் காட்டியது. ஆண்டுக்கணக்கில் அந்தச் சகோதரர் பொறுமையைச் செலவழித்தது ஒரு சுன்னத்துக்காக. நீ நிலையத்தின் பெஞ்சில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் செலவழித்தது எதற்காக? எண்ணூறு ரூபாய்க் கால்சட்டைக்காக. உன் பொறுமைக்கும் உன் அத்தாவின் கண்ணீருக்கும் அவ்வளவுதான் விலையா?

பேண்ட்டை மாற்றிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் நான் சொல்லமாட்டேன். இலங்கையில் 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ராணுவ, போலீஸ் உடைகளையும் அவற்றை ஒத்த துணிகளையும் நிலையத்தில் ஒப்படைக்கும்படி காவல்துறை அறிவித்தது. அதே மே மாதம் ஹசலக்க என்ற ஊரில் ஒரு முஸ்லிம் பெண் கைது செய்யப்பட்டார். அவர் மிலிட்டரி துணி எதுவும் அணியவில்லை. கப்பல் சுக்கான் படம் போட்ட கவுன். அது தர்மச் சக்கரமாகத் தெரிந்ததாம்! வாரக்கணக்கில் சிறையில் இருந்தார். வெறி தலைக்கேறிய காலத்தில் தேடுகிறவன் எதையாவது கண்டுபிடிப்பான். அவனுக்கு நாமே எடுத்துக் கொடுக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

தொண்டரணிக்கு எதற்கு இந்த நிறம்?

இன்னொரு கோரிக்கையும் சில கிளைகளில் இருந்து வருகிறது. "ஆர்.எஸ்.எஸ். சீருடையில் அணிவகுக்கிறது. தமிழக அரசு எதிர்த்தும் 2023 ஏப்ரல் 11ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்துவிட்டது. நமது தொண்டர்களும் மிலிட்டரி உடையில் மிடுக்காக நடந்தால் என்ன?" அவர்களுக்கு உள்ள உரிமை நமக்கும் உண்டு, அதில் விட்டுக் கொடுக்க மாட்டோம். ஆனால் இந்த ஆசை நமக்குப் புதிதல்ல. 1931ல் அல்லாமா மஷ்ரிகி காக்சார் இயக்கத்தைத் தொடங்கினார். காக்கி உடை, தோளில் மண்வெட்டி, ராணுவ நடை. 1940 மார்ச் 19ல் லாகூரில் அந்த அணிவகுப்பு சுடப்பட்டது. பலர் ஷஹீதானார்கள். 1947ல் இயக்கமே கலைக்கப்பட்டது. மேதை ஒருவரின் உழைப்பும் ஆயிரமாயிரம் இளைஞர்களின் வியர்வையும் எங்கே போயின?

அதே காலத்தில் எல்லை மாகாணத்தில் கான் அப்துல் கப்பார் கானின் குதாயி கித்மத்கார்களும் சீருடைதான் அணிந்தார்கள். வெள்ளைத் துணி சீக்கிரம் அழுக்காகிறது என்று செங்கல் நிறச் சாயத்தில் தோய்த்த சாதாரணச் சட்டை அது. கையில் ஒன்றும் இல்லை. 1930 ஏப்ரல் 23ல் பெஷாவரின் கிஸ்ஸா கவானி கடைத்தெருவில் அவர்களின் கூட்டத்தை நோக்கியும் துப்பாக்கிகள் திரும்பின. ஆனால் அவர்கள் ராணுவ வேடம் போட்டார்கள் என்று எந்த வரலாற்றாசிரியரும் எழுத முடியவில்லை. நமது காலத்திலும் 2020ல் டெல்லி தப்லீக் கூட்டத்தைச் சாக்கிட்டு நம் மீது நோய்ப் பழி சுமத்தினார்களே, அதே கொரோனா நாட்களில் நமது பிள்ளைகள் வெள்ளைக் கவச உடை அணிந்து, சொந்தங்களே தொட அஞ்சிய எல்லா மதத்து ஜனாஸாக்களையும் சுமந்தார்கள். அந்த உடையைப் பார்த்து யாரும் "எந்த அமைப்பு?" என்று சந்தேகத்தோடு கேட்கவில்லை. நன்றியோடு கேட்டார்கள்.

வியாபாரிச் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. 2022 ஜனவரி 15 ராணுவ தினத்தில் இந்திய ராணுவம் பொடிக் கட்டங்களால் ஆன புதிய புள்ளி உடையை அறிமுகப்படுத்தியது. அந்த வடிவமைப்பு ராணுவத்தின் பெயரில் பதிவாகியிருக்கிறது. அனுமதியின்றித் தைப்பதும் விற்பதும் வழக்கில் போய் முடியும். மொத்தமாகத் துணி எடுக்கும்போது அந்த டிசைன் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். மற்ற பேஷன் துணிகளிலும் தோள் நட்சத்திரம், படைப்பிரிவு முத்திரை, பெயர்ப்பட்டை எதையும் வைத்துத் தைக்காதீர்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள். முஸ்லிம் கடையில் பிடிபட்டால் செய்தித்தாள் தலைப்பு எப்படி வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அசல் உடுப்பு

இளைஞனே, உனக்கு அந்த நிறத்தின் மேல் உள்ள ஆசையை நான் குறை சொல்லவில்லை. வீரத்தின் மேல் உள்ள ஆசை அது. உத்தரப் பிரதேசம் காஜிப்பூரில் ஒரு தையற்காரரின் மகன் அப்துல் ஹமீது. 1965 செப்டம்பர் 10ல் கேம்கரண் பகுதியில் ஜீப்பில் பொருத்திய பீரங்கியால் பாகிஸ்தானின் டாங்கிகளைத் தகர்த்து உயிர் துறந்தார். பரம் வீர் சக்ரா அவருக்குக் கிடைத்தது. 1948ல் ஜங்கரில் வீழ்ந்த பிரிகேடியர் உஸ்மானும் நம்மவர். 2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் பற்றி நாட்டுக்கு விளக்கியவர்களில் ஒருவர் கர்னல் சோபியா குரைஷி. அவரையே ஒரு மத்தியப் பிரதேச அமைச்சர் இழிவாகப் பேசினார். ஆனால் என்ன நடந்தது? உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அந்த அமைச்சர் மீது வழக்குப் பதிய உத்தரவிட்டது. அசல் உடுப்புக்கு இருக்கும் பலம் அது. கடையில் வாங்கிய புள்ளிச் சட்டைக்காக எந்த நீதிமன்றம் தானாக முன்வரும்?

2007ல் கலைஞர் ஆட்சியில் கிடைத்த 3.5 சதவீத இடஒதுக்கீடு காவலர் தேர்வுக்கும் உண்டு. இரண்டாம் நிலைக் காவலருக்கு 10ஆம் வகுப்புத் தேர்ச்சி போதும். கடந்த தேர்வுகளில் நம் ஆண்களுக்குக் கேட்ட உயரம் 170 செ.மீ., மார்பு 81 செ.மீ., மூச்சை இழுத்தால் 5 செ.மீ. விரிய வேண்டும். 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். எழுத்துத் தேர்வில் தமிழும் பொது அறிவும். நம் பிள்ளைகளால் ஆகாத காரியமா இது? மிலிட்டரி பேண்ட் போட்டுக் கொண்டே ஓடிப் பழகட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஜமாஅத் நிர்வாகிகளே! உடைக்குத் தடை போட்டு அறிவிப்புப் பலகையில் சீட்டு ஒட்டுவதை நிறுத்துங்கள். அந்த இடத்தில் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பை ஒட்டுங்கள். பைத்துல்மாலில் இருந்து பயிற்சிப் புத்தகத்துக்கும் விண்ணப்பக் கட்டணத்துக்கும் ஒதுக்குங்கள். ஓய்வு பெற்ற காவலரோ ராணுவ வீரரோ, எந்த மதத்தவராயினும், ஃபஜ்ருக்குப் பிறகு மைதானத்தில் ஒரு மணி நேரம் பயிற்சி கொடுக்க அழையுங்கள். சூலக்கரை வட்டாரத்தில் இருந்து எத்தனை பேர் தேர்வு எழுத ஆயத்தம் என்ற பட்டியல், இன்ஷா அல்லாஹ், அடுத்த மாவட்டச் செயற்குழுவுக்கு வந்து சேர வேண்டும்.