பொழுதும் பயனும்: படத்தின் பின்புறத்தில் ஒரு பெயர்



முத்திரை சேர்ப்பது, நாணயம் சேர்ப்பது பற்றியெல்லாம் இப்பகுதியில் முன்பு எழுதியிருக்கிறோம். இம்முறை எடுத்துக்கொள்வது பழைய திரைப்பட நட்சத்திரங்களின் புகைப்படங்களையும், படப்பிடிப்புத் தளங்களில் எடுக்கப்பட்ட புகைப்படங்களையும் சேர்ப்பது. "நாடு விட்டு நாடு வந்து, வாடகைக்கும் பால்மாவுக்கும் கணக்குப் பார்க்கிற நேரத்தில் நடிகர் படமா?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். கடைசிவரை வாசித்தபின் விடையை நீங்களே சொல்லுங்கள்.

எம்மில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இது புதிய விடயமல்ல. யாழ்ப்பாணத்தில் படம் பார்த்துவிட்டு வரும்போது வாங்கிய பாட்டுப் புத்தகம், 'பேசும் படம்', 'பொம்மை' இதழ்களிலிருந்து வெட்டி எடுத்த பக்கங்கள், கொப்பி அட்டைக்குள் ஒளித்து வைத்த பத்மினி, சாவித்திரி படங்கள் என்று ஏதோ ஒன்று எல்லா வீட்டிலும் இருந்தது. இடம்பெயர்ந்தபோது அவற்றை யாரும் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. பிள்ளையையும் பாஸ்போட்டையும் பிடித்துக்கொண்டு ஓடினோம்.

முதலில் ஒரு விளக்கம். தியேட்டர் வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்டியிருந்த படங்கள் ஓடும் பிலிமிலிருந்து வெட்டி எடுத்தவை என்று பலர் எண்ணியிருக்கிறோம். அப்படியல்ல. ஒவ்வொரு படப்பிடிப்பிலும் புகைப்படக்காரர் ஒருவர் தனியாக இருப்பார். காட்சி முடிந்ததும் நடிகர்களை அப்படியே நிற்கச் சொல்லித் தன் கமராவில் எடுப்பார். இதைத்தான் 'ஸ்டில்' என்பார்கள். தமிழ்ப்பட உலகில் இத்தொழில் செய்தோருக்கு 'ஸ்டில்ஸ்' என்பது பெயரோடு ஒட்டிய பட்டமாகவே ஆகிவிட்டது. பத்திரிகைகளுக்கும் தியேட்டர்களுக்கும் போனவை இந்தப் படங்களே.

இன்னொரு வகையும் உண்டு. இயக்குநர் கதிரையில் இருப்பது, விளக்குப் பிடிப்பவர் ஏணியில் நிற்பது, கதாநாயகிக்கு ஒப்பனை செய்வது, பலகையாலும் சாக்காலும் கட்டிய அரண்மனையின் பின்பக்கம் ஆகியவற்றைக் காட்டும் படப்பிடிப்புத் தளப் படங்கள். நட்சத்திரப் படம் ஆயிரக்கணக்கில் அச்சாகும். தளப் படமோ பெரும்பாலும் மிகச் சில பிரதிகளே இருக்கும். படம் எப்படி எடுக்கப்பட்டது, யார் யார் உழைத்தார்கள் என்பதைச் சொல்வது அதுதான். ஆகவே சேகரிப்போர் தளப் படத்துக்கும் மதிப்புக் கொடுப்பர்.

இத்துறையில் உலகப் புகழ் பெற்ற ஒருவர் எம்மைப்போலக் கனடாவுக்கு வந்து சேர்ந்தவர் என்பதை அறிந்தால் மகிழ்வீர்கள். ஜோன் கோபால் (இந்துப் பெயரென்று எண்ண வேண்டாம்) 1940இல் ஒஸ்திரியாவில் பிறந்தவர். யுத்தம் முடிந்து சில ஆண்டுகளின் பின் பத்து வயதில் பெற்றோருடன் ஒட்டாவா வந்தார். புதிய நாட்டில் அவருக்குத் துணையாயிருந்தது சினிமா. நடிகர் படங்களைச் சேர்க்கத் தொடங்கினார். 1960களில் ஹொலிவூட்டின் பெரிய ஸ்ரூடியோக்கள் நொடித்துப் போய்க்கொண்டிருந்தன. பழைய நெகற்றிவ்களும் புகைப்படங்களும் இடத்தை அடைக்கும் குப்பையாகக் கருதப்பட்டன. பத்திரிகையாளராக அங்கு போய்வந்த கோபால் அவற்றைத் தேடித் தேடிச் சேர்த்தார்.

அவர் செய்த இன்னொரு வேலைதான் பெரியது. கிரேட்டா கார்போ, ஜோன் குரோபோர்ட் போன்றோரின் முகங்களை உலகமே அறியும். அம்முகங்களைப் படமெடுத்தவர்களை யாருக்கும் தெரியாது. ஜோர்ஜ் ஹரெல், கிளாரன்ஸ் சின்கிளயர் புல் போன்ற முதிய புகைப்படக்காரர்களைக் கோபால் தேடிப் பிடித்து, "இதை எடுத்தது யார், எப்போது, எப்படி?" என்று கேட்டு எழுதி வைத்தார். 1974இல் லண்டன் விக்டோரியா அல்பேட் அரும்பொருட்சாலையில் இப்படங்கள் கண்காட்சியாக வைக்கப்பட்டன. குப்பைக்குப் போக இருந்த படங்கள் கலைப்பொருள்களாகின. 1991இல் அவர் இறந்தபோது பெருந்தொகுப்பு ஒன்று மிஞ்சியிருந்தது. அத்தொகுப்பின் பலம் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. படங்களுக்குப் பெயர் இருந்தது.

தமிழகத்திலும் இப்படி ஒருவர் இருந்தார். 'பிலிம் நியூஸ்' ஆனந்தன் என்றால் படவுலகம் முழுவதும் தெரியும். 1950களில் ஒரு கமராவுடன் ஸ்ரூடியோக்களுக்குள் நுழைந்தவர், 1958இல் எம்.ஜி.ஆரின் 'நாடோடி மன்னன்' படத்துக்குப் பத்திரிகைத் தொடர்பாளரானார். தமிழ்ப் படவுலகில் அப்பணியை முதன்முதலில் செய்தவர் அவரே. வெளிவந்த ஒவ்வொரு படத்தின் ஸ்டில்களையும் சேர்த்ததோடு நில்லாமல், தயாரித்தவர், நடித்தவர், இசையமைத்தவர், வெளியான தேதி என எல்லாவற்றையும் குறித்து வைத்தார். 2002இல் தமிழக அரசு அவருடைய தொகுப்பைப் பத்து இலட்சம் ரூபாவுக்குப் பெற்றுக்கொண்டது. அவர் திரட்டிய விபரங்கள் 2004இல் 'சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு' என்னும் பெரிய நூலாக வந்தன. 2016இல் அவர் காலமானார். தமிழ்ப் படங்களைப் பற்றி இன்று எழுதுவோர் பலரும் அவரது குறிப்பில் கடன்பட்டவர்களே.

காரைக்குடிக்கு அருகே கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிச் சீவித்த ரோஜா முத்தையாவையும் சொல்ல வேண்டும். புத்தகங்களோடு சினிமாப் பாட்டுப் புத்தகம், நோட்டீஸ் என மற்றவர் எறிந்ததையும் அவர் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பின் சிகாகோப் பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. அதை வைத்தே 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. பணக்காரர் மட்டுமே செய்யும் வேலை இது என்று நினைப்பவர்களுக்கு அவர் ஒருவரே போதும்.

இதெல்லாம் ஏன் அவசியம்? முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' 1931 ஒக்ரோபர் 31இல் வெளியானது. டி.பி. ராஜலட்சுமி நடித்தது. அதன் பிரதி இன்று எங்கும் இல்லை. விளம்பரங்களையும் பத்திரிகைக் குறிப்புகளையும் ஓரிரு படங்களையும் கொண்டே அதைப்பற்றி அறிகிறோம். அந்தக் காலத்து நைத்திரேற்றுப் பிலிம் இலகுவில் தீப்பற்றும், தானாகவே உக்கியும் போகும். ஓடி முடிந்த பிலிமைக் கழுவி அதிலுள்ள வெள்ளியை எடுத்து விற்றவர்களும் உண்டு. படம் போய்விட்டால் மிஞ்சுவது ஸ்டில் மட்டுமே.

இனி எம் சொந்தக் கதைக்கு வருவோம். இலங்கையில் தமிழ்ப் படங்கள் எடுக்கப்பட்டன என்பதே இங்கு வளரும் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. 1960களின் தொடக்கத்தில் 'சமுதாயம்', 'தோட்டக்காரி' என்று ஆரம்பித்து, அடுத்த இருபது ஆண்டுகளில் இருபதுக்கு மேற்பட்ட படங்கள் வந்தன. 1972இல் கட்டிடக் கலைஞர் வி.எஸ். துரைராஜா தயாரித்த 'குத்துவிளக்கு', 1976இல் வானொலி நாடகத்திலிருந்து வந்த 'கோமாளிகள்', 1977இல் காவலூர் இராஜதுரை எழுத தர்மசேன பத்திராஜ இயக்கிய 'பொன்மணி', 1978இல் செங்கை ஆழியானின் நாவலைக் கொண்டு எடுத்த 'வாடைக்காற்று' ஆகியவை சில. இந்தியப் படங்களோடு போட்டி போட்டு இவற்றை ஓட்டுவது பெரும்பாடு. இருந்தும் எம் ஊர், எம் பேச்சு, எம் கடற்கரை திரையில் வந்தன.

1983 யூலைக் கலவரத்தில், வத்தளைக்கு அருகே ஹெந்தளையில் இருந்த சினிமாஸ் குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. அங்கிருந்த பிலிம்கள், சிங்களப் படங்களினது உட்பட, சாம்பலாயின. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் யாழ் நூலகத்துக்கு நேர்ந்ததை நாம் மறக்கவில்லை. ஸ்ரூடியோவுக்கு நேர்ந்ததைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

ஆனால் அப்படங்களில் நடித்தவர்கள், கமராவுக்குப் பின்னால் நின்றவர்கள், கூட்டக் காட்சியில் சும்மா வந்து நின்றவர்கள் பலர் இன்று லண்டனிலும் பாரிசிலும் சிட்னியிலும் ஸ்காபரோவிலும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டு அல்பங்களில் அந்தப் படப்பிடிப்பின் புகைப்படம் ஒன்றாவது இருக்கக்கூடும். 1965இல் எம்.ஜி.ஆரும் சரோஜாதேவியும் இலங்கைக்கு வந்தபோது எடுத்த படங்களை இன்றும் வைத்திருப்போர் இருக்கலாம். இவற்றை எந்த ஸ்ரூடியோவும் பாதுகாக்கவில்லை. பாதுகாத்தது ஓர் ஆச்சியின் றங்குப்பெட்டி.

பிக்கரிங்கில் வசிக்கும் வாசகர் ஒருவர் தன் தகப்பனாரின் அல்பத்தை எமக்குக் காட்டினார். அதில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். பனைகளின் முன் மூன்று கால்களில் ஒரு பெரிய கமரா. பக்கத்தில் நான்கு பேர். ஒருவர் தகப்பனார் என்று தெரிகிறது. மற்ற மூவரும் யார், அது எந்தப் படம், எந்த ஊர் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தோம். வெறுமையாக இருந்தது. தகப்பனார் காலமாகி ஆறு வருடங்கள். ஒரு பென்சிலும் ஐந்து நிமிடமும் இருந்திருந்தால் அது எம் சினிமா வரலாற்றின் ஒரு பக்கமாகியிருக்கும். இப்போது அது நாலு பேர் நிற்கும் படம்.

ஆகவே சேர்க்க விரும்புவோருக்குச் சில ஆலோசனைகள்.

வாங்கும்போது: பிக்கரிங் என்றதும் பலருக்கு வார இறுதிப் பழம்பொருட் சந்தைதான் நினைவுக்கு வரும். இத்தகைய சந்தைகளிலும், கோடையில் வீட்டு வாசல்களில் போடும் கராஜ் சேல்களிலும், எட்டுக்குப் பத்து அங்குல ஹொலிவூட் ஸ்டில்கள் சில டொலருக்கு அகப்படலாம். உருப்பெருக்குக் கண்ணாடியால் பாருங்கள். சிறு சிறு புள்ளிகள் தெரிந்தால் அது அச்சகத்தில் அடித்தது, புகைப்படமல்ல. பின்புறத்தில் ஸ்ரூடியோ முத்திரையோ புகைப்படக்காரர் முத்திரையோ இருந்தால் நல்லது. பிரதியிலிருந்து எடுத்த பிரதியில் கண் இமை, சேலைக்கரை போன்ற நுணுக்கங்கள் மங்கியிருக்கும். தமிழ்ப் பழைய படங்கள் இங்கு சந்தையில் கிடைப்பது அரிது. அவை உறவினர் வீட்டு அல்பங்களில்தான் இருக்கின்றன. அவற்றைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. கேட்டுப் பார்த்து, பிரதி எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தால் போதும்.

வைக்கும்போது: புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் சாமான்களைப் பேஸ்மென்றில் அடுக்கி விடுகிறோம். அது படங்களுக்கு ஆகாது. ஈரமும் வெள்ளமும் வரும் இடம். கூரைக்குக் கீழுள்ள அறையோ கோடையில் கொதிக்கும், குளிரில் உறையும். நீங்கள் படுக்கும் அறையின் அலுமாரியே சிறந்த இடம். பசைப் பக்கத்தில் ஒட்டி மேலே பிளாஸ்ரிக் தாள் மூடும் அல்பங்கள் படத்தைக் கெடுக்கும். அமிலமற்ற கடதாசி உறையும் பெட்டியும் வாங்க முடியுமானால் நன்று. சட்டகக் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை உரித்தெடுக்க முயலாதீர்கள். கண்ணாடியோடேயே ஸ்கான் செய்துகொள்ளுங்கள். 1970களின் வண்ணப் படங்கள் மங்கிச் சிவந்துகொண்டே போகும். அவற்றை முதலில் ஸ்கான் செய்யுங்கள். செய்தபின் மூலப் படத்தை எறிந்துவிடாதீர்கள்.

எழுதும்போது: போல்பொயின்ற் பேனை வேண்டாம். மை மறுபக்கம் ஊறும், அழுத்தம் படத்தில் தழும்பாகும். மென்மையான பென்சிலால், பின்புறத்தின் ஓரத்தில், இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதுங்கள். ஊர், ஆண்டு, எடுத்தவர் பெயர், உங்களுக்குச் சொன்னவர் யார் என்பதையும் சேருங்கள். ஆண்டு திட்டமாகத் தெரியாவிட்டால் "1975 அளவில்" என்று எழுதலாம். தெரியாத பெயரை ஊகித்து எழுதாதீர்கள். வெற்றிடத்தைப் பிறகு ஒருவர் நிரப்பலாம், பிழையான பெயரை அழிப்பது கடினம்.

உங்களிடம் இலங்கைத் தமிழ்ப் படங்கள், மேடை நாடகங்கள் பற்றிய புகைப்படங்கள் இருந்தால் அவற்றை வீட்டோடு முடக்க வேண்டியதில்லை. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை மின்வடிவில் பாதுகாத்து வருகிறது. பிக்கரிங்கிலிருந்து றூஜ் ஆற்றைத் தாண்டினால் ஸ்காபரோவில் ரொறன்ரோப் பல்கலைக்கழக வளாகம். தந்தை செல்வநாயகத்தின் ஆவணங்கள் அந்த வளாக நூலகத்தில்தான் இருக்கின்றன. இப்படிப்பட்ட இடங்களில் விசாரித்துப் பாருங்கள்.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். நடிகர் படம் எங்களுக்கு எதற்கு? எம்.ஜி.ஆர், சிவாஜி படங்களைக் காப்பாற்ற உலகில் ஆயிரம் பேர் உண்டு. பனையடியில் கமராவோடு நின்ற அந்த நாலு பேரைக் காப்பாற்ற எம்மை விட்டால் ஆள் இல்லை. நட்சத்திரப் படங்களைச் சேர்த்துப் பழகிய கைக்கு அந்த வேலையும் எளிதில் வரும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டிலுள்ள அப்பு, ஆச்சியோடு அல்பத்தை விரித்து இருங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்துங்கள். பெரியவர் சொல்லச் சொல்லப் பிள்ளை எழுதட்டும். பிள்ளைக்குத் தமிழ் எழுத்துப் பயிற்சியுமாகும், ஆச்சிக்குப் பேச ஆளுமாகும். பத்துப் படம் முடிந்தால் போதும். மிச்சம் அடுத்த ஞாயிறு.

மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம்.