அலுவலகக் கதவின் சாவி யார் கையில்?

வங்கியிலோ காப்பீட்டு நிறுவனத்திலோ வேலை செய்யும் குமாஸ்தா, காலையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஒரே ஒரு முறை பாஸ்வேர்டு கொடுக்கிறார். அதன்பின் சம்பளச் சீட்டு, லீவு விண்ணப்பம், வாடிக்கையாளர் கணக்கு எல்லாம் மறுகேள்வி இல்லாமல் திறக்கின்றன. அவர் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்று தீர்மானிப்பது ஒரு தனி மென்பொருள். ‘அக்செஸ் மேனேஜ்மென்ட்’ என்று அதற்குப் பெயர். வேறு மென்பொருள் பழுதானால் ஒரு பிரிவின் வேலை நிற்கும். இது பழுதானால் அலுவலகமே நின்றுவிடும்.

பல பெரிய நிறுவனங்களில் இந்த வேலையைச் செய்வது, பல ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டுக் கம்பெனிகளிடம் வாங்கிய பழைய மென்பொருள்களே. அவற்றைத் தொடர்வதா, யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய ‘ஓபன் சோர்ஸ்’ மென்பொருளுக்கு மாறுவதா என்பதே இன்றைய கேள்வி.

கைமாறிய கதை

வாங்கியவர்கள் மாறவில்லை, விற்றவர்கள்தான் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். ‘சைட்மைண்டர்’ என்ற பெயர்பெற்ற மென்பொருளை நெட்டெக்ரிட்டி என்ற கம்பெனி உருவாக்கியது. 2004-ல் அதை கம்ப்யூட்டர் அசோசியேட்ஸ் வாங்கியது. 2018-ல் அந்தக் கம்பெனியையே பிராட்காம் 1,890 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது.

சன் மைக்ரோசிஸ்டம்ஸின் கதை இன்னும் விசித்திரமானது. தன் அக்செஸ் மென்பொருளின் மூல நிரலைப் பொதுவில் வெளியிடப் போவதாக 2005-ல் சன் அறிவித்தது. ‘ஓபன்எஸ்எஸ்ஓ’ பிறந்தது இப்படித்தான். 2010 ஜனவரியில் சன் கம்பெனியை ஆரக்கிள் வாங்கியது. ஆரக்கிளிடம் இதே வேலைக்குச் சொந்தச் சரக்கு இருந்ததால் ஓபன்எஸ்எஸ்ஓ ஒதுக்கப்பட்டது. சன்னில் வேலை பார்த்த சிலர் அதே ஆண்டு நார்வேயில் ஃபோர்ஜ்ராக் என்ற கம்பெனியைத் தொடங்கி, வெளியான நிரலை எடுத்து ‘ஓபன்ஏஎம்’ என்ற பெயரில் வளர்த்தார்கள். 2016 இறுதியில் ஃபோர்ஜ்ராக்கும் புதிய நிரலை வெளியிடுவதை நிறுத்திக்கொண்டது. 2023 ஆகஸ்டில் தோமா பிராவோ என்ற முதலீட்டு நிறுவனம் சுமார் 230 கோடி டாலர் கொடுத்து அதை வாங்கி, தன்னிடம் ஏற்கெனவே இருந்த பிங் ஐடென்டிட்டியுடன் இணைத்தது. போட்டியிட்ட இரு கடைகளுக்கு இப்போது ஒரே முதலாளி.

ஆயினும் ஒன்று கவனிக்கத்தக்கது. ஒருமுறை பொதுவில் விட்ட நிரலை யாராலும் திரும்பப் பெற முடியவில்லை. ஃபோர்ஜ்ராக் கதவைச் சாத்தியபின், ‘ஓபன் ஐடென்டிட்டி பிளாட்ஃபார்ம்’, ‘ரென் செக்யூரிட்டி’ ஆகிய குழுக்கள் பழைய நிரலை எடுத்துத் தொடர்ந்து பராமரித்தன. மூடிய மென்பொருளை வாங்கியவருக்கு இந்த வழியே கிடையாது. புதிய முதலாளி சொல்வதே விலை, வைப்பதே நிபந்தனை.

மாறுவதில் என்ன தயக்கம்?

இப்படியிருந்தும் பலர் மாறத் தயங்குகிறார்கள். ஒரு பெரிய அலுவலகத்தில் நூற்றுக்கணக்கான புரோகிராம்கள் இந்த ஒரு பூட்டோடு கோக்கப்பட்டிருக்கும். கோத்தவர் ஓய்வு பெற்றுப் போயிருப்பார். எதைத் தொட்டால் எது நிற்குமோ என்ற பயத்தில் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துவிடுகிறார்கள்.

முன்பிருந்த அளவுக்கு இப்போது சிரமம் இல்லை. எந்தத் தொழிற்சாலையில் செய்த எஞ்சினும் ஒரே அகலத் தண்டவாளத்தில் ஓடுவதுபோல, இந்தத் துறைக்கும் பொது விதிகள் வந்துவிட்டன. 2005-ல் வந்த ‘எஸ்ஏஎம்எல் 2.0’, 2014-ல் வந்த ‘ஓபன்ஐடி கனெக்ட்’ ஆகிய இரண்டும் முக்கியமானவை. இவற்றைப் பின்பற்றும் புரோகிராம்களை ஒவ்வொன்றாகப் புதிய பூட்டுக்கு மாற்றலாம். ஒரே இரவில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை.

மாற்றுச் சரக்கும் இருக்கிறது. ரெட்ஹேட் 2014-ல் வெளியிட்ட ‘கீகிளோக்’ இன்று பரவலாகப் பயன்படுகிறது. 2019-ல் ரெட்ஹேட் ஐபிஎம் வசம் போனது. ஆனால் 2023-ல் கீகிளோக் ஒரு பொது அறக்கட்டளையின் பொறுப்பில் சேர்க்கப்பட்டது. இலங்கையில் 2005-ல் தோன்றிய டபிள்யூஎஸ்ஓ2 கம்பெனியின் ‘ஐடென்டிட்டி சர்வர்’ மற்றொன்று. அந்தக் கம்பெனியும் 2024-ல் கைமாறியது என்றாலும் நிரல் பொதுவில்தான் இருக்கிறது.

இலவசம் என்று ஏமாறக் கூடாது

ஓபன் சோர்ஸ் என்றால் செலவே இல்லை என்று எண்ணுவது தவறு. 2021-ல் ஃபோர்ஜ்ராக் மென்பொருளில் ஒரு பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. பாஸ்வேர்டே இல்லாமல் வெளியாள் உள்ளே புகும் அளவுக்கு அபாயமானது அது. மூலம் ஒன்றே என்பதால் ஓபன்ஏஎம்மிலும் அதே ஓட்டை இருந்தது. 2024 மார்ச்சில் ‘எக்ஸ்இசட்’ என்ற சிறிய பொது மென்பொருளில் யாரோ திட்டமிட்டு வைத்த திருட்டு வழி அம்பலமானது. அதைப் பெரும்பாலும் தனியொருவராகப் பராமரித்து வந்தவரின் நம்பிக்கையைப் பெற்றே அந்த மோசடி நடந்தது. பொதுவில் இருப்பதாலேயே ஒரு பொருள் பத்திரமாகிவிடாது. சம்பளம் கொடுத்து ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். லைசென்ஸில் மிச்சமாகும் பணம் அதற்குப் போக வேண்டும்.

இந்தியாவில் வேலை தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. தேசிய அடையாள அட்டைத் திட்டங்களுக்கான ‘மோசிப்’ என்ற ஓபன் சோர்ஸ் மென்பொருள், 2018-ல் பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் உள்ள ட்ரிபிள் ஐடி கல்வி நிறுவனத்தில் தொடங்கியதுதான். பிலிப்பைன்ஸ், மொராக்கோ நாடுகள் அதை ஏற்றுப் பயன்படுத்துகின்றன.

மத்திய அரசு 2015-லேயே கொள்கை வகுத்துவிட்டது. அரசு அலுவலகங்களின் டெண்டரில் ஓபன் சோர்ஸையும் பரிசீலிக்கும்படி நிபந்தனை வைக்க வேண்டும். அதைத் தவிர்க்கும் விற்பனையாளர் காரணம் சொல்ல வேண்டும் என்கிறது அது. அந்தக் காரணத்தை வாங்கி வரிக்கு வரி படித்துப் பார்க்கும் அதிகாரிகள் தேவை. பூட்டுக்குப் பின்னால் இருப்பது ஊழியர்களின் சம்பளக் கணக்கும் மக்களின் வைப்புத் தொகையும். ஒப்பந்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு புதுப்பிக்கும் முன், அடுத்த விற்பனையில் இந்தச் சாவி யார் கைக்குப் போகும் என்று ஒரு முறையாவது கேட்பது நிர்வாகங்களின் கடமை.