அச்சம் நீங்க யாரை நாடுவது?

அச்சம் என்பது இறைவன் உயிர்களுக்குக் கொடுத்த காவற்காரன். பாம்பைக் கண்டால் விலகச் செய்வதும், தேர்வு நெருங்கினால் புத்தகத்தைக் கையில் எடுக்கச் செய்வதும் அதுவே. ஆனால் காவற்காரனே வீட்டாரை வெளியே விடாமல் கதவைப் பூட்டிக்கொண்டால் என்ன செய்வது? கரும்பலகைக்கு அழைத்தால் ஒருத்திக்குக் கை வியர்த்து நா வறள்கிறது. தேர்வு நாளில் உண்ட உணவு வயிற்றில் தங்குவதில்லை. இரவில் உறக்கமில்லை. "வயிற்று வலி" என்று சொல்லி வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலேயே இருந்துவிடுகிறாள். இத்தகைய மாணவி எந்தப் பள்ளியிலும் இருப்பாள். அவளை மனத்திற்கொண்டே இதனை எழுதுகிறோம்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்றனர் நம் முன்னோர். உண்மைதான். ஆனால், "அங்கே பேய் இல்லை" என்று சொல்வதால் மட்டும் அரண்டவளின் அச்சம் அகன்றுவிடுமா? "இதற்கெல்லாமா பயப்படுவார்கள்?", "எல்லாம் நடிப்பு" என்னும் சொற்கள் அவளை மேலும் வாய்மூடச் செய்கின்றன. சில வீடுகளில் தாயத்துக் கட்டுகிறார்கள். மந்திரிக்க அழைத்துச் செல்கிறார்கள். நம்மவர் பலர் செபமாலை சொல்லச் சொல்கிறார்கள். செபத்தை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. கால் முறிந்தால் செபித்துக்கொண்டே மருத்துவமனைக்கும் விரைகிறோம் அல்லவா? மனம் நொந்தால் மட்டும் ஏன் தயங்குகிறோம் என்பதே எங்கள் கேள்வி. நம் திருவிவிலியத்தில் சீராக்கின் ஞான நூல் 38-ஆம் அதிகாரம், நோயுற்றவர் இறைவனை மன்றாடவும் வேண்டும், மருத்துவருக்கு இடம் தரவும் வேண்டும் என்று இரண்டையும் சேர்த்தே போதிக்கிறது.

அஞ்சுவோர் விசுவாசம் குறைந்தவர் என்பதும் தவறு. நாம் போற்றும் சிறுமலர் தெரேசம்மாள் 1885-ஆம் ஆண்டில், தம் பன்னிரண்டாம் வயதில், எதை நினைத்தாலும் பாவமோ என்று அஞ்சும் துன்பத்திற்கு ஆளானார். அது ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு நீடித்தது. அந்நாட்களில் அவர் செபித்தார். அத்துடன் தம் அக்காள் மரியிடம் தம் அச்சங்களை எல்லாம் கொட்டி ஆறுதல் பெற்றார். ஒரு புனிதைக்கே மனத்தைத் திறந்து பேச ஒருவர் தேவைப்பட்டார் என்றால், நமக்குத் தேவைப்படுவதில் வெட்கம் என்ன?

வீட்டாரிடம் சொல்லியும் அச்சம் விலகாதபோது, அதற்கெனப் பயின்றவரை நாடவேண்டும். அவர் என்ன செய்வார்? 1924-ஆம் ஆண்டு அமெரிக்க உளவியல் அறிஞர் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் பெண்மணி, முயலைக் கண்டு நடுங்கிய மூன்று வயதுகூட நிரம்பாத சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். அவன் தனக்குப் பிடித்ததை உண்டு மகிழ்ந்திருக்கும் வேளையில் முயலைக் கூண்டோடு தொலைவில் வைத்து, நாளுக்கு நாள் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்தார்கள். முடிவில் அவன் முயலைத் தொட்டு விளையாடினான். இன்றும் அச்சத்திற்கான சிகிச்சையில் இந்த ஏணிப்படி முறைக்கு முக்கிய இடம் உண்டு. மேடையைக் கண்டு அஞ்சுபவள் முதலில் ஒரு தோழியின்முன் வாசிப்பாள். பிறகு ஐவர் முன். பிறகு வகுப்பின் முன். இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. மருந்து எல்லோருக்கும் தேவைப்படுவதும் இல்லை.

யாரிடம் போவது? முதலில் குடும்ப டாக்டரிடம் காட்டுவது நல்லது. இரத்தசோகையாலும் தைராய்டு கோளாறாலும்கூட நெஞ்சு படபடக்கும். மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மனநலத்தில் மேற்படிப்பும் படித்தவர். தேவையானால் மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் என்பவர் பேச்சாலும் பயிற்சியாலும் குணப்படுத்துபவர், ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பெயர்ப்பலகையைப் பார்த்து மட்டும் நம்பிவிடலாகாது. "என்ன படித்திருக்கிறீர்கள்? எங்கள் வயதுப் பிள்ளைகளைப் பார்த்த அனுபவம் உண்டா? எத்தனை முறை வரவேண்டும்?" என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. ஒருவரிடம் மனம் ஒட்டவில்லை என்றால், வேறொருவரைப் பார்ப்பதும் குற்றமில்லை.

பணமில்லாதோர் கலங்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 2022 அக்டோபர் 10-ஆம் நாள் தொடங்கிய டெலி-மானஸ் என்னும் அரசு உதவிக்கு 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

பெற்றோரே, "நாளைக்குக் கல்யாணம் பேசும்போது யாராவது சொல்லிவிட்டால்?" என்ற உங்கள் கவலையை நாங்கள் அறிவோம். ஆனால் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறுவோரின் செய்திகளை இரகசியமாகக் காக்க வேண்டும் எனக் கட்டளையிடுகிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளில்தான் அதற்கு விலக்கு உண்டு. பதினெட்டு வயது நிரம்பாத நாங்கள் தனியே போய்ச் சிகிச்சை பெற முடியாது. உங்கள் கையைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வாசற்படியை ஏறவேண்டும். நீங்கள் ஊருக்கு அஞ்சினால், எங்கள் அச்சத்தை யார் போக்குவார்?

எங்கள் அன்புக்குரிய அருட்சகோதரியரிடமும் ஆசிரியைகளிடமும் இரண்டு விண்ணப்பங்கள் உண்டு. வாரத்தில் ஒரு நாளேனும் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் பள்ளிக்கு வந்து, அமைதியான ஓர் அறையில் எங்களோடு பேச வழி செய்யுங்கள். அங்கே போகிறவளின் பெயர் வகுப்பிலோ ஆசிரியைகளின் அறையிலோ பேசப்படாதபடி காத்தருளுங்கள். இரகசியம் காக்கப்படும் என்ற உறுதி இல்லையென்றால் அந்த அறைக்குள் ஒருத்தியும் நுழையமாட்டாள்.

தோழியரே, நமக்கும் ஒரு கடமை உண்டு. பயந்து நடுங்குபவளைப் "பைத்தியம்" என்று ஏளனம் செய்யும் நாவை அடக்குவோம். அருகில் அமர்ந்து கேட்போம். "சாக வேண்டும் போலிருக்கிறது" என்று ஒருத்தி சொன்னால் மட்டும் அதை இரகசியமாக வைத்திராமல், அவளைத் தனியே விடாமல், உடனே பெரியவர் ஒருவரிடம் சொல்வோம். அஞ்சாதே என்று சொன்ன ஆண்டவர் தாம் உடனிருப்பதாகவும் சொன்னார். நாமும் சொல்லோடு நில்லாமல் உடன் செல்வோம். மருத்துவரின் வாசல்வரை துணை செல்வோம்.