போத்தலுக்கு வெளியே பீற்றூட்

டென்மார்க்கிற் பிறந்து வளரும் நம் பிள்ளைகளிடம் பீற்றூட் எப்படியிருக்கும் என்று கேட்டால், பெரும்பாலானோர் கண்ணாடிப் போத்தலொன்றையே காட்டுவர். வட்டமாக வெட்டி, வினாகிரியிலும் சீனியிலும் ஊறவைத்து, ஈரற் பசை பூசிய கறுத்தப் பாணின் மேல் அடுக்கப்படும் அந்தச் செந்நிறத் துண்டுகளே அவர்கள் அறிந்த பீற்றூட். டேனிய மொழியில் ‘றோட்பேடர்’ என்றால் அவர்களுக்கு ஒரு ஊறுகாய். மண்ணும் இலையுமாகக் கடையிற் குவிந்து கிடக்கும் கிழங்கும் போத்தலிலிருப்பதும் ஒன்றுதான் என்று சொன்னால் வியப்படைகிறார்கள்.

நமக்கோ இது புதிய மரக்கறியன்று. நுவரெலியா, வெலிமடைப் பக்கத்து மலைத்தோட்டங்களிலிருந்து வந்ததையும், வலிகாமத்துச் செம்மண்ணில் இறைப்புத் தண்ணீரில் விளைந்ததையும் உண்டு வளர்ந்தவர்கள் நாம். கலியாண வீட்டுப் பந்தியில் கத்தரிக்காய்க்கும் பருப்புக்கும் பக்கத்தில் சோற்றைச் சிவப்பாக்கிக்கொண்டு பீற்றூட் கறியும் இருந்தது. அப்படியிருந்தும் இந்நாட்டுக்கு வந்தபின் முருங்கைக்காயையும் பாகற்காயையும் விமானக் கூலியோடு சேர்த்து விலை கொடுத்து வாங்குகிறோம். சந்துக்குச் சந்து மலிவாகக் கிடைக்கும் பீற்றூட்டைக் கடந்து போய்விடுகிறோம். மாதக் கடைசியில் செலவுக் கணக்குப் பார்க்கும் இல்லத்தரசிகளுக்கு இதன் பொருள் விளங்கும்.

போத்தற் பழக்கம் நம்மவரிடம் எப்படித் தொற்றியது என்பதற்கு ஒரு சிறு வரலாறு உண்டு. 1980களின் நடுப்பகுதியில் இங்கு வந்து சேர்ந்தவர்களிற் பலர் தனியாக வந்த ஆண்கள். 1987ஆம் ஆண்டில், அப்போதைய நீதியமைச்சர் ஏரிக் நின்-ஹான்சனின் காலத்தில், இலங்கைத் தமிழரின் குடும்ப இணைவு விண்ணப்பங்கள் கிடப்பிற் போடப்பட்டன. அவ்வழக்கு வளர்ந்து 1993 சனவரியில் பிரதமர் போல் ஸ்லூட்டரின் பதவி விலகலில் முடிந்ததையும், 1995இல் முன்னாள் அமைச்சர் தண்டனை பெற்றதையும் எல்லோரும் அறிவர். மனைவியை எதிர்பார்த்திருந்தவர்கள் அதுவரை எதை உண்டார்கள் என்று எவரும் எழுதி வைக்கவில்லை. போத்தற் பீற்றூட்டைக் கழுவிப் பிழிந்து, வெங்காயத்தோடு தாச்சியில் வதக்கிச் சோற்றின் மேல் போட்டுக்கொண்டவர்கள் இன்று பேரப்பிள்ளைகளோடு நம்மிடையே இருக்கிறார்கள். வினாகிரியில் ஊறியதைப் பாலில் இட்டால் பால் திரைந்து போகும் என்பது அவர்கள் சொந்தக் குசினியிற் கண்டறிந்த இரசாயனம். குடும்பங்கள் வந்து சேர்ந்தன. ஆயினும் போத்தல் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து வெளியேறவில்லை.

வெளியேறவேண்டிய காரணம் சீனிதான். பச்சைப் பீற்றூட்டில் நூறு கிராமுக்கு ஏறத்தாழ 7 கிராம் இயற்கைச் சீனி உண்டு; மிகுதியிற் பெரும்பகுதி நீர். போத்தலுக்குள் போகும்போது அதன்மேல் வேறாகச் சீனியும் சேர்க்கப்படுகிறது. தெற்காசியருக்கு ஐரோப்பியரைவிட நீரிழிவு எளிதாகவும் இளவயதிலும் வருகிறது என்பது மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் செய்தி. நீரிழிவுக்காரர் பீற்றூட்டை முற்றாக ஒதுக்க வேண்டியதில்லை. கறியாகச் சமைத்து அளவோடு உண்ணலாம், சோற்றைச் சற்றுக் குறைத்துக்கொண்டால் மேலும் நல்லது.

இனிச் சமையலுக்கு வருவோம். பீற்றூட்டின் செந்நிறம் நீரிற் கரையக்கூடியது. தோலைச் சீவி வெட்டித் தண்ணீரில் அவித்தால் நிறமும் சுவையும் தண்ணீரோடு போய்விடும். ஆகவே அவிப்பதானால் தோலோடு அவியுங்கள். இலைக்காம்பை இரண்டு விரலளவு விட்டு வெட்டி, அடிவேரைத் தொடாமல் மண்ணைத் தேய்த்துக் கழுவி, கிழங்கு மூழ்கத் தண்ணீர் விட்டு மூடி வைக்க வேண்டும். சிறிய கிழங்குக்கு 25 நிமிடம், கைப்பிடியளவுக்கு 40 நிமிடம், அதனிலும் பெரிதானால் ஒரு மணி நேரம் வரை. கத்தி நுனி தடையின்றி இறங்கினால் வெந்துவிட்டது. குளிர்ந்த நீரில் இட்டுப் பெருவிரலால் தேய்த்தால் தோல் தானாகக் கழன்று வரும். பிரசர் குக்கர் இருந்தால் மின்சாரச் செலவு பாதியிலும் குறையும்.

கறிக்கு அவிக்கத் தேவையில்லை. அரைக் கிலோ பீற்றூட்டைத் தோல் சீவித் தீக்குச்சியிலும் சற்றுத் தடித்த நீளத் துண்டுகளாக வெட்டுங்கள். சட்டியில் ஒரு வெங்காயம், மூன்று பச்சை மிளகாய், நாலு பல்லு உள்ளி, கால் தேக்கரண்டி வெந்தயம், கறிவேப்பிலை ஆகியவற்றைச் சிறிது எண்ணெயில் வதக்கி, பீற்றூட்டையும் உப்பையும் ஒரு தேக்கரண்டி கறித்தூளையும் இட்டுப் பிரட்டி, நீர்த்த தேங்காய்ப்பால் ஒன்றரைக் கோப்பை விட்டு மூடுங்கள். இருபது நிமிடத்தில் மெதுவாகும். பின்னர் தடித்த பால் அரைக் கோப்பை விட்டு ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். தேசிக்காய்ப் புளி அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே. புளி, பீற்றூட்டின் மண் மணத்தை அடக்கும், நிறத்தையும் காக்கும், ஆனால் கொதிக்கும் பாலிற் பட்டால் மேலே சொன்ன பழைய கதைதான். தகரப் பேணியில் வரும் தேங்காய்ப்பால் மிகவும் கொழுப்பானது. ஒரு பங்குக்கு இரண்டு பங்கு நீர் கலந்தால் அதுவே நம் இரண்டாம் பால்.

பச்சடி இதனிலும் எளிது. அவித்த பீற்றூட்டைத் துருவி, இந்நாட்டில் தாராளமாகக் கிடைக்கும் சீனி சேராத யோகட்டிற் கலந்து, உப்பிட்டு, கடுகு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் முடிந்தது. அந்த ரோசாப்பூ நிறத்துக்காகவே மரக்கறி என்றாலே முகம் சுளிக்கும் பிள்ளையும் கோப்பையை நீட்டும். போறணையிற் சுடுவதானால் தோல் சீவிக் கமுகம்பாளை போலக் கீறி, எண்ணெய், உப்பு, மிளகுதூள், சிறிது பெருஞ்சீரகம் பிரட்டி 200 பாகையில் 40 நிமிடம் வையுங்கள். உருளைக்கிழங்கையும் காரற்றையும் உடன் சேர்க்கலாம். இது பதின்ம வயதினர் தாமே செய்யக்கூடிய உணவு.

பள்ளிக்கூட உணவுப் பொதி பற்றி ஒரு வார்த்தை. கறி மணம் வீசுகிறது என்று வகுப்பில் எவராவது மூக்கைப் பிடித்தால், பிள்ளை மறுநாள் பெட்டியைத் திறக்காமலே கொண்டுவரும். தாய்மார் பலர் இந்தத் தொல்லையை அனுபவித்திருக்கிறார்கள். அவித்த பீற்றூட்டை மெல்லிய வட்டங்களாக வெட்டி, உப்பும் மிளகும் தேசிக்காய்ப் புளியும் தெளித்துக் கறுத்தப் பாணில் அவித்த முட்டையோடு வைத்துக் கொடுங்கள். வகுப்பிலுள்ளோர் கண்ணுக்கு அது அவர்களுடைய உணவு, நாக்குக்கு நம்முடையது. (மற்றவர் மூக்குக்காக நம் உணவை மாற்றுவது சரியா என்று கேட்பவர்களோடு எனக்கும் உடன்பாடுண்டு. ஆனால் பசியோடு திரும்பும் ஏழு வயதுப் பிள்ளையிடம் அந்த வாதத்தை ஒப்படைக்க மனம் வரவில்லை.)

பச்சையாகத் துருவி அப்பிளோடு கலந்து உண்பதும் இங்குள்ள வழக்கம். நல்லாகத்தான் இருக்கும். ஆனால் 2010இல் பின்லாந்தில் பச்சையாகத் துருவிய பீற்றூட்டை உண்டவர்களுக்கு வயிற்று நோய் பலமுறை ஏற்பட்டதுண்டு. நன்றாகக் கழுவி, தோல் சீவி, துருவிய அன்றே உண்டு முடியுங்கள். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு எந்த வடிவிலும் கொடுக்க வேண்டாம். இதிலுள்ள நைத்திரேற்று அவ்வயதில் தீங்கு செய்யும். ஒரு வயது வரையில் எவ்வளவு கொடுக்கலாமென்று வீட்டுக்கு வரும் சுகாதாரத் தாதியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதே நைத்திரேற்றுப் பெரியவர்களின் இரத்த அழுத்தத்தைச் சிறிது தணிக்க உதவுகிறது. அதற்காக மாத்திரையை நிறுத்திவிடலாகாது. சிறுநீரகக் கல் உள்ளவர்களும் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களும் மருத்துவரைக் கேட்டபின் உண்ணட்டும். உண்ட மறுநாள் சலம் சிவந்து போவதைக் கண்டு சிலர் அஞ்சுவதுண்டு. அது பெரும்பாலும் கிழங்கின் நிறமே. ஓரிரு நாளில் தெளியாவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஆடி, ஆவணி மாதங்களில் இலையோடு கட்டாக வருவதை வாங்குவதே இலாபம். இலையை எறிவது ஒரு கறியை எறிவதாகும். காம்பையும் இலையையும் பொடியாக அரிந்து, வெங்காயம், பச்சை மிளகாய், கடுகு தாளித்து, ஐந்து நிமிடம் வதக்கித் தேங்காய்ப்பூவைத் தூவிப் பிரட்டினால் கீரை வறைக்குச் சற்றும் குறையாத வறை. இரத்தம் உறையாதிருக்க மரேவன் மாத்திரை எடுப்பவர்கள் இதைத் திடீரென்று மிகுதியாக உண்ணலாகாது. இலையிலுள்ள கே உயிர்ச்சத்து மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும்.

கொம்யூன் வாடகைக்குக் கொடுக்கும் தோட்டத்துண்டு வைத்திருப்பவர்கள் மே மாதத்தில் தாமே விதைக்கலாம். பீற்றூட் விதையென்று நாம் காண்பது ஒற்றை விதையன்று; பல விதைகள் சேர்ந்த முடிச்சு. ஒன்று ஊன்றினால் மூன்று நான்கு முளைக்கும். ஒன்றை விட்டு மற்றவற்றைப் பிடுங்காவிட்டால் ஒன்றும் கிழங்கு வைக்காது. பிடுங்கிய நாற்றும் வறைக்காகும்.

இப்படி நாற்றைக் கலைத்து விடுவதற்காகவே நமக்கு முன்னர் ஒரு கூட்டம் இந்நாட்டுக்கு வந்தது என்பதை இவ்விடத்தில் சொல்லத்தான் வேண்டும். பீற்றூட்டின் உடன்பிறப்பாகிய சீனிக்கிழங்கு லோலன், பால்ஸ்டர் தீவுகளிற் பெருமளவு பயிரானபோது, வரிசை வரிசையாகக் குனிந்து நாற்றுக் கலைக்க ஆள் போதவில்லை. 1893 முதல் போலந்து நாட்டு ஏழைக் குடும்பங்களின் இளம்பெண்கள் பருவந்தோறும் ஒப்பந்தத்திற் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களுடைய குடியிருப்பும் கூலியும் இருந்த நிலை கண்டு 1908இல் தனிச் சட்டமே இயற்றவேண்டி வந்தது. முதலாம் உலகப் போரின் பின் பலர் திரும்பாமல் இங்கேயே மணம் முடித்துத் தங்கினார்கள். லோலனில் தோகறூப் என்னும் ஊரில் அவர்கள் வாழ்ந்த தொழிலாளர் விடுதியொன்று இன்று நூதனசாலையாக இருக்கிறது. கோடை விடுமுறையில் அப்பக்கம் போகும் குடும்பங்கள் பிள்ளைகளோடு ஒருமுறை பார்க்கலாம். போலந்து மக்களின் அன்றாட உணவு பீற்றூட்டைப் புளிக்கவைத்துக் காய்ச்சும் செந்நிற ரசம். தேசிக்காயும் மிளகும் உள்ளியும் சேர்த்து நாமும் பீற்றூட் அவித்த நீரில் அப்படியொன்று வைத்துப் பார்க்கலாம். நன்றாகக் கழுவி அவித்திருந்தால் அந்த நீரை ஊற்றிவிட வேண்டியதில்லை.

கடும் உறைபனிக்கு முன்னர், ஐப்பசி மாதத்துக்குள், கிழங்குகளைக் கிண்டி எடுத்துவிடுங்கள். கத்தியால் வெட்டாமல் இலைகளைக் கையால் திருகி ஒடித்து, கழுவாமல், ஈர மணல் நிரப்பிய பெட்டியில் ஒன்றோடொன்று முட்டாதபடி அடுக்கி, பனி உறையாத நிலவறையிலோ சைக்கிள் கொட்டிலிலோ வைத்தால் பங்குனி வரை கெடாது. மாடி வீட்டிற் குடியிருப்போர் அவித்துத் தோலுரித்து வெட்டிப் பொதி பொதியாக உறைபெட்டியில் வைக்கலாம். மாசி மாதத்தில் மணலுக்குள்ளிருந்து சில கிழங்குகள் வெளிறிய முளை விட்டிருக்கும். எறிய வேண்டாம், அந்தத் தளிரும் வறைக்கு ஆகும்.