கல்பாசி கொடுத்த சாட்சி

பிரியாணிக்குப் போடுகிறோமே கல்பாசி, அந்த இனத்துக்கு வேர் கிடையாது. காற்றும் மழையும் கொண்டுவருவதை அது உடம்பாலேயே உறிஞ்சிக்கொள்ளும். கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலைக்கு எதிராக அதுவும் சாட்சி சொன்னது. ஹைதராபாத்தில் உள்ள அணுசக்தித் துறை ஆய்வகம் இங்கு மரங்களில் வளரும் அதே இன மரப்பாசிகளைச் சோதித்து, ஆலையின் பாதரசம் வேலி தாண்டிப் பரவியிருந்ததை 2003-இல் வெளியிட்டது.

அதற்கு முன்பே, ஊரின் மூஞ்சிக்கல் பகுதிக் காயலான் கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடி உடைசல் கிடந்தது அம்பலமாகி, 2001-இல் ஆலை மூடப்பட்டது. 2003-இல் 290 டன் கழிவு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. மண்ணில் ஊறியது இங்கேயே தங்கிவிட்டது. அதை அகற்ற ஆலையின் உரிமையாளரான இந்துஸ்தான் யூனிலீவருக்கு விதிக்கப்பட்ட இலக்கு, கிலோ மண்ணில் பாதரசத்தை 20 மில்லிகிராமுக்குக் குறைப்பது. மனிதர் குடியிருக்கும் நிலத்தை மனத்தில் வைத்து எடுத்த அளவு அது.

ஆனால் ஆலைக்குக் கீழே இருப்பது பாம்பார் சோலை. அங்கிருந்து இறங்கும் தண்ணீர் கும்பக்கரை அருவியாகிப் பெரியகுளம் பக்கம் போகிறது. சேற்றில் படியும் பாதரசத்தை நுண்ணுயிர்கள் இன்னும் கொடிய நஞ்சாக மாற்றும். அது மீனில் ஏறும், மீன் தின்னும் பறவையிலும் நீர்நாயிலும் பல மடங்காகும். குடியிருப்புக் கணக்கில் நீர்நாய்க்கு ஏது இடம்?

காட்டைக் கணக்கில் சேர்க்காத இதே கோளாறுதான் கல்குவாரிகளிலும். காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குவாரி கூடாதென்று 2021-இல் விதி போட்ட தமிழக அரசு, 2022 டிசம்பரில் காப்புக்காடுகளை அதிலிருந்து கழற்றிவிட்டது. தோண்டி முடித்த இடத்தில் வரிசையாக நாலு கன்று நட்டால் சீரமைப்பு முடிந்ததாகக் கையெழுத்தும் விழுந்துவிடும்.

சோலை நாற்று வளர்ப்பவன் என்பதால் சொல்கிறேன்: எங்கள் மரங்களை வெட்டவெளியில் நட்டால் உறைபனியில் கருகும். அவற்றுக்கு நிழல் வேண்டும். வாட்டில் என்னும் அந்நிய மரத்தின் பழைய தோப்பு நிழலில் சோலைக் கன்றுகள் தாமாகவே எழும்புவதை வட்டக்கானலில் சோலை மீட்பில் உழைத்த பாப் ஸ்டீவர்ட்டும் தான்யா பால்கரும் பல ஆண்டுகள் கவனித்துச் சொன்னார்கள். ஆகவே ஆலையின் நஞ்சு மண்ணைத் தோண்டும் அவசரத்தில் சரிவைப் பிடித்து நிற்கும் மரத்தைச் சாய்க்கக் கூடாது. அந்நிய மரமானாலும் சரி.

வேலை முடிந்ததென்று கம்பெனி கிளம்பிய பிறகும் ஓடைச் சேறு, மீன், மரப்பாசி மூன்றையும் ஆண்டுதோறும் வெளி ஆய்வகம் சோதிக்க வேண்டும். முடிவை நகராட்சிப் பலகையில் தமிழில் ஒட்ட வேண்டும். செலவு கம்பெனியுடையது.